வாயுள்ள பிள்ளைக்கு மட்டுமா விளையாட்டு?

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று சொல்லாத வீடு நம்ம ஊரில் கிடையாது. வாயில்லாத பிள்ளை என்ன செய்யும்? நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று வாரம் வந்து பார்க்கும், நாலாவது வாரம் வராது.

பாளையங்கோட்டையில் ஒரு மொட்டைமாடி அறையில் சனிக்கிழமைதோறும் நாங்கள் ஐந்தாறு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். தெரியாதவர்களுக்கு: 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி வெளிவந்த ஆட்டம். ஒருத்தர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம், வீரன், மந்திரவாதி, திருடன் என்று. "கதவை உடைக்கிறேன்" என்றால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணைப் பொறுத்து கதவு உடையும், அல்லது உங்கள் தோள்பட்டை உடையும். மற்றபடி வாய்ப்பேச்சுதான் ஆட்டம். வம்பே அங்கேதான்.

எங்கள் வகுப்பில் ஒருத்தன். யாரையும் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான். நாலு பேர் சேர்ந்து பேசினால் காதைப் பொத்திக்கொள்வான். ஆனால் விதிப் புத்தகம் முழுக்கத் தலைகீழ்ப் பாடம். ஆசையாக வந்தான். பேச்சாலேயே ஆளை மயக்கும் பாணன் பாத்திரத்தை எடுத்தான். கோட்டைக் காவலாளியைத் தாண்டி உள்ளே போக வேண்டிய கட்டம். "அவனிடம் பேசிச் சம்மதிக்க வைக்கிறேன்" என்றான். கதைசொல்லி விடவில்லை. "ஏல, அப்படிச் சொன்னா ஆச்சா? என்ன பேசுவியோ அதைப் பேசிக் காட்டு."

அறையே அவனைப் பார்த்தது. அவன் பகடையைப் பார்த்தான். யாரோ சிரித்தார்கள். அடுத்த இரண்டு வாரமும் இதே கதை. அதோடு சரி.

அந்தக் கதைசொல்லி நான்தான்.

"அவனுக்கு இது செட் ஆகாது மக்கா" என்றார்கள். நானும் தலையாட்டினேன். இப்போது யோசித்தால், அது சுத்த அயோக்கியத்தனம்.

எங்கள் குழுவில் பலம் 18 உள்ள வீரனை வைத்திருப்பவன் ஒரு ஒல்லிப்பிச்சான். "எங்கே, இந்த அறைக் கதவை உடைத்துக் காட்டு" என்று அவனிடம் கேட்டோமா? பகடையைத்தானே உருட்டச் சொன்னோம்? வாள் பிடிக்கத் தெரியாதவன் வீரனாகலாம், பேச வராதவன் பாணனாகக் கூடாது. இது எந்த ஊர் நியாயம்? 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் புத்தகத்திலேயே இரண்டு வழி சொல்லியிருக்கிறது. பாத்திரமாகவே பேசலாம், அல்லது பாத்திரம் என்ன செய்கிறது என்று விவரிக்கலாம். விதியை மீறியது அவனில்லை, நான்.

"நடிக்கலேன்னா சுவாரசியம் ஏது?" என்பார்கள். கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டதில்லையா நீங்கள்? கதையைக் கொண்டுபோகிறவர் ஒருத்தர். பக்கத்தில் குடம், உடுக்கை, ஜால்ரா. பக்கப்பாட்டுக்காரர் பல நேரம் "ஆமா" மட்டும்தான் போடுவார். அந்த "ஆமா" இல்லாமல் கதை நகருமா? குடம் அடிப்பவரை எழுப்பி, "நீயும் கதை சொல்லு, இல்லேன்னா இறங்கு" என்று யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

அதைவிடு, தாயம் ஆடும் ஆச்சிகளைப் பாருங்கள். முறை வந்தால் கட்டை கைக்கு வரும். குரலை உயர்த்தி இடம் பிடிக்க வேண்டியதில்லை. எங்கள் அறையில் யார் கத்துகிறானோ அவனுக்குத்தான் முறை.

சரி, என்ன செய்யலாம்? சண்டைக் கட்டத்தில் வரிசை வைக்கிறோம் இல்லையா, அதையே பேச்சுக் கட்டத்திலும் வையுங்கள். "நான் பாஸ்" என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை கொடுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பம், எப்போது முடிவு, யார் யார் வருகிறார்கள், என்ன மாதிரிக் கதை என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபொலஸ் என்பவர் கொண்டுவந்த எக்ஸ் அட்டை என்று ஒன்று இருக்கிறது. மேசை நடுவில் வைத்த அட்டையைத் தொட்டால் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. இதற்கெல்லாம் காசு எவ்வளவு? பூஜ்யம்.

"நாங்க என்ன டாக்டரா?" என்று ஒருத்தன் கேட்டான். வைத்தியம் பார்க்க யார் கூப்பிட்டார்கள்? ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடுகிறது. அவனுக்கு அதில் ஏதாவது உண்டா என்பது என் வேலையில்லை. விளையாட்டில் முறை கேட்கச் சான்றிதழ் எதற்கு?

அதற்காக, அடுத்தவன் முறையைப் பிடுங்குகிறவனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தனியாகக் கூப்பிட்டு நேராகச் சொல்லுங்கள். ஜாடைமாடையாகப் பேசிவிட்டு "அவனுக்குப் புரியல" என்று குறை சொல்லாதீர்கள். ஜாடை புரியாததுதானே அவன் கஷ்டமே!

காது கேளாத பிள்ளைகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பள்ளி திறந்த ஊர் இது. பெயர் தெரிந்த குறைக்குப் பள்ளி கட்டுகிறோம், பெயர் தெரியாததற்கு "உம்மணாமூஞ்சி" என்று பட்டப்பெயர் வைக்கிறோம்.

போன வாரம் அவனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். சனிக்கிழமை 5 மணியிலிருந்து 8 மணி வரை, ஐந்து பேர், பேசிக் காட்ட வேண்டாம் என்றும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் கோபிக்க எனக்கு உரிமையும் இல்லை. கதையில் அவன் பாணனை நான் சாகடிக்கவில்லை. கோட்டை வாசலில்தான் நிற்கிறான்.