விதைநெல்

1969-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3-ஆம் நாள் நம் நெஞ்சைவிட்டு அகலாத நாள். அன்றுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அறிஞர் அண்ணா கண்மூடினார். அதற்கு ஐந்து திங்களுக்கு முன்னர், 1968 செப்டம்பரில், கடல் கடந்து நியூயார்க் சென்று மெமோரியல் மருத்துவமனையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர் அவர். ஆண்டுதோறும் அந்நாளில் அமைதி ஊர்வலம் செல்கிறோம், மலர் தூவுகிறோம். ஆனால், அண்ணனைக் கொண்டுபோன அந்நோயின் வேரை ஆராய்ந்தறிய நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேரை ஆயத்தம் செய்தோம் என்று நம்மையே நாம் கேட்டதுண்டா?

நியூயார்க்கின் சிறப்பு அதன் மாடங்களிலா இருக்கிறது? இல்லை. 1884-இல் அங்கே மருத்துவமனை எழுந்தது. 1945-இல் அதற்கென ஆராய்ச்சிக் கழகம் எழுந்தது. ஒரு பக்கம் நோயாளியின் படுக்கை, மறுபக்கம் ஆய்வுக்கூடம். இரண்டுக்கும் இடையே நடந்து நடந்து கற்ற இளைஞர் கூட்டமே அந்நிலையத்தின் செல்வம்!

நம்மிடம் ஏதுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் கண்ட கனவு, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் உருப்பெற்றது. புற்றுநோய் மருத்துவத்தில் உயர் சிறப்புப் பட்டப் படிப்பை 1984-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொடங்கியதும் அந்நிறுவனமே. மும்பையிலோ, கமலா ரணதிவே அம்மையார் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் ஜார்ஜ் கேயிடம் பயின்று திரும்பி, திசு வளர்ப்புக்கென இந்தியாவின் முதல் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். ஒருவர் பெற்ற பயிற்சி, பலர் பயிலும் கூடமாயிற்று. விதைநெல்லின் இயல்பு அதுவன்றோ?

ஆராய்ச்சியாளர் ஒரே நாளில் உருவாவதில்லை. ஏட்டுப் படிப்பு மட்டும் அவரை உருவாக்குவதுமில்லை. அந்த ஜார்ஜ் கேயின் கூடத்தில் 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் புற்றிலிருந்து வளர்க்கப்பட்டவை ‘ஹீலா’ உயிரணுக்கள். அவை பிற கலங்களிலும் புகுந்து பெருகின. வெவ்வேறு பெயர் சூட்டி வளர்க்கப்பட்ட 18 உயிரணு வகைகள் உண்மையில் ஹீலாவே என்று 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் எடுத்துக்காட்டினார். ஆண்டுக்கணக்கான உழைப்பு ஐயத்துக்கு உள்ளாயிற்று! கை தூய்மை, குறிப்பேட்டில் நேர்மை, தன் முடிவையே ஐயுறும் துணிவு ஆகியவற்றை நல்லாசான் அருகிருந்து ஆண்டுகள் பல பயிற்றினால்தான் இத்தகைய பிழை நேராது.

அந்த ஆண்டுகளில் அப்பிள்ளை எதைக் கொண்டு வாழ்வது? இளநிலை ஆராய்ச்சியாளருக்கு டில்லி வகுத்த உதவித்தொகை 2019 சனவரி முதல் நான்காண்டுகள் 31,000 ரூபாயிலேயே நின்றது. விலைவாசி நிற்கவில்லை. 2023 சனவரியை முன்தேதியாகக் கொண்டு 37,000 ரூபாயாக உயர்த்திய ஆணையோ, அவ்வாண்டின் நடுவில்தான் வந்தது. அறிவித்த தொகையும் மாதக்கணக்கில் வந்து சேர்வதில்லை என்று ஆராய்ச்சி மாணவர்கள் மீண்டும் மீண்டும் முறையிட்டனர். செல்வர் வீட்டுப் பிள்ளை காத்திருக்கும். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் பெற்ற நெசவாளியின் மகள் எத்தனை மாதம் காத்திருப்பாள்? அவள் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறும்போது, சமூகநீதியும் அவளோடு வெளியேறுகிறது!

“மருந்துக்கே வழியில்லாத ஏழைக்கு ஆராய்ச்சி எதற்கு?” என்று கேட்போர் உளர். கேள்வியில் இரக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. படுக்கைகள் பெருக வேண்டும், மருந்து இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆனால், பிறர் கண்டறிந்த மருந்தைப் பிறர் குறித்த விலைக்கு வாங்கும் நிலை நீடிக்குமட்டும் ஏழையின் துயர் தீருமா? பசித்தவனுக்குச் சோறிடுவது அறம். அதற்காக விதைநெல்லையும் சமைத்துவிட்டால் அடுத்த பருவத்தில் எதை விதைப்பது?

எனவே நாம் கேட்பன மூன்று. ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகை, அரசு ஊழியரின் ஊதியம்போல் மாதந்தவறாமல் வர வேண்டும். டில்லியின் பணம் தாமதமானால், மாநில அரசு முன்பணம் தந்து பின்னர் ஈடுசெய்துகொள்ள வேண்டும். புற்றுநோய் மருத்துவமனைகளின் அருகிலேயே இளம் உயிரியலாளருக்குப் பயிற்சிக் கூடங்கள் எழ வேண்டும். ஆட்சி எவர் கையில் இருப்பினும் இக்கோரிக்கை மாறாது. நம்மவர் கையில் இருந்தால் இன்னும் உரக்கக் கேட்போம்!

காஞ்சியில் அண்ணாவின் பெயரைத் தாங்கிப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று நிற்கிறது. அப்பெயருக்கு நாம் சூட்டும் மலர் மாலையில் வாடிவிடும். அங்கே தொண்டாற்ற நம் தெருவிலிருந்து ஓர் இளம் ஆராய்ச்சியாளரை உருவாக்கி அனுப்பினால், அம்மாலை வாடாது. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள், தோழர்களே!