மடலுக்குள் ஒரு படம்



வீட்டில் திருமணம் நிச்சயமானால், அச்சிட்ட அழைப்பிதழோடு மின்னஞ்சல் அழைப்பையும் அனுப்பும் குடும்பங்கள் இன்று பல உண்டு. துபாயிலும் சிங்கப்பூரிலும் வாழும் சுற்றத்தார் அனைவருக்கும் தனித்தனியே அனுப்புவது எளிதன்று. கணினி கற்ற பிள்ளைகள் பைத்தான் மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதி, அப்பணியைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகின்றனர். ஆயினும், மடலைத் திறந்தவர்க்கு அழைப்பிதழ் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் மட்டுமே தெரிவதுண்டு. ஏன் இப்படி நேர்கிறது?

மின்னஞ்சல் தொடக்கத்தில் எழுத்தை மட்டுமே சுமந்தது. 1982ஆம் ஆண்டில் வெளியான எஸ்.எம்.டி.பி. விதிமுறை ஆங்கில எழுத்துகளுக்கான ஏழு பிட் குறியீட்டையே ஏற்றது. படத்துக்கோ, தமிழுக்கோ அதில் இடமில்லை. நத்தானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் ஆகிய இருவர் 1992இல் வெளியிட்ட 'மைம்' முறையே இக்குறையைப் போக்கியது. அம்முறையில் படத்தின் மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாக மாற்றப்படுகின்றன. படம் எழுத்து வடிவிலேயே பயணம் செய்கிறது. அதனால் 300 கிலோபைட் படம் 400 கிலோபைட்டுக்குச் சற்று மேலாகப் பெருகும். படத்தை முன்கூட்டியே சுருக்கிக்கொள்வது நலம்.

மடலில் படம் காட்ட மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, படத்தை இணையதளம் ஒன்றில் வைத்து, அதன் முகவரியை மடலில் குறிப்பது. முகவரி அறிந்த எவரும் அப்படத்தைக் காண இயலும். மேலும், மடல் திறக்கப்பட்டதை அனுப்பியவர் இதன்வழி அறியக்கூடும் என்பதால், வெளியிலிருந்து வரும் படங்களை மறைத்துவிடும் அஞ்சல் செயலிகளும் உண்டு. இரண்டாவது, படத்தின் குறியீட்டை எச்.டி.எம்.எல். பக்கத்துக்குள்ளேயே எழுதிவிடுவது. ஜிமெயில் இதனைக் காட்டுவதில்லை.

மூன்றாவது வழியே நமக்கு ஏற்றது. படம் மடலின் ஒரு பகுதியாகவே செல்லும். அதற்கு 'கன்டென்ட் ஐடி' எனும் அடையாளப் பெயர் ஒன்று சூட்டப்படும். படம் தோன்றவேண்டிய இடத்தில் 'சிஐடி' என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, அப்பெயரைக் குறிக்கவேண்டும். பிழை நேர்வது பெரும்பாலும் இங்கேதான். படப் பகுதியின் தலைப்பில் அப்பெயர் கோண அடைப்புக்குறிகளுக்குள் நிற்கும். பக்கத்தில் எழுதும்போதோ அக்குறிகள் கூடா. பைத்தானில் அடையாளப் பெயரை உருவாக்கித் தரும் கட்டளை, குறிகளோடு சேர்த்தே தருகிறது. அவற்றை நீக்காமல் பக்கத்தில் இட்டால் வெற்றுக் கட்டமே மிஞ்சும்.

மடலில் வெறும் எழுத்து வடிவம் ஒன்றையும் சேர்த்தனுப்புங்கள். அது முதலிலும், எச்.டி.எம்.எல். வடிவம் அதன் பின்னரும் அமையவேண்டும். இரண்டையும் காட்ட வல்ல செயலி பின்னதையே தேர்ந்துகொள்ளும். நாள், நேரம், மண்டபம் ஆகியவற்றைப் படத்துக்குள் மட்டும் அடைத்துவிடாதீர்கள். பார்வை குன்றிய பெரியவர் ஒருவர், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளால் மடலைக் கேட்கக்கூடும். படத்தில் மட்டும் உள்ள தேதி அவருக்குக் கிட்டாமற்போகலாம்.

ஒவ்வொருவருக்கும் தனி மடலாகவே நிரல் அனுப்பட்டும். எல்லா முகவரிகளையும் பெறுநர் வரிசையில் ஒன்றாக இட்டால், ஒருவர் முகவரி மற்றவர் அனைவருக்கும் தெரிந்துவிடும். முதல் மடலைத் தங்களுக்கே அனுப்பி, கணினியிலும் கைப்பேசியிலும் திறந்து பார்த்தபின் மற்றவர்க்கு அனுப்புங்கள்.

மடலுக்குள் வைத்த படம் பொதுவெளியில் கிடப்பதில்லை என்பது உண்மையே. ஆனால், பெற்றவர் அதனைச் சேமிக்கவும் பிறர்க்கு அனுப்பவும் தடையேதும் இல்லை. அனுப்பிய மடலைத் திரும்பப் பெறுவதும் அரிது. ஆதலால் மணமக்களின் புகைப்படத்தைச் சேர்க்க விரும்பினால், முதலில் அவர்களின் சம்மதத்தைக் கேளுங்கள். அவர்கள் தயங்கினால், அழைப்பிதழின் படம் ஒன்றே போதும்.