மனைவியின் கடைசி முகம்... மோனே பார்த்த நீலம்!

1879 செப்டம்பர் 5. பிரான்ஸில் சேன் நதிக்கரையில் உள்ள வெத்தேய் என்ற சின்ன ஊர். நீண்ட நாள் நோய்வாய்ப்பட்டிருந்த கமீல் அன்று காலை இறந்துபோனார். வயது 32. மூத்த மகனுக்கு 12 வயது. இளையவனுக்கு ஒன்றரை வயதுதான்.

கணவர் க்ளோட் மோனே அன்றே நண்பர் ஜார்ஜ் த பெல்லியோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அடகில் கிடக்கும் ஒரு பதக்கத்தை மீட்டு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். கமீல் தனக்கென்று வைத்திருந்த ஒரே ஞாபகப் பொருள் அது. புதைப்பதற்கு முன் அதை அவர் கழுத்தில் போட்டுவிட வேண்டும் என்பது மோனேவின் ஆசை. ஓவியங்கள் இன்று கோடிகளில் விலைபோகும் மனிதரின் கையில், அன்று அடகை மீட்கக் காசில்லை.

பிறகு, கமீலின் உடல் கட்டிலில் இருக்கும்போதே, மோனே தூரிகையை எடுத்தார்.

கேட்டாலே மனசு சுருங்குகிறது இல்லையா? மோனேவையும் அது கடைசிவரை உறுத்தியிருக்கிறது. பல வருடங்கள் கழித்து, பிரெஞ்சுப் பிரதமராக இருந்த நண்பர் கிளமென்சோவிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறார். உயிருக்கு உயிரானவளின் முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, தன் கண்கள் தன்னையறியாமல் நிறங்களைக் கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டன என்றார். இங்கே நீலம், அங்கே மஞ்சள், அதற்கப்புறம் சாம்பல் என்று மரணம் அந்த முகத்தில் நிறம் மாற்றிக்கொண்டே போனதைக் கண்கள் பின்தொடர்ந்தன. செக்கைச் சுற்றும் மாடு போல ஆகிவிட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டார்.

அந்தக் கண்கள் எப்படிப் பழகியவை என்பதை கமீலின் பழைய படங்களைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். 1866-ல் வரைந்த `பச்சை உடைப் பெண்' மோனேவுக்கு முதல் பெயர் வாங்கித் தந்த படம். பின்னணி முழுக்க இருட்டு. பட்டுத்துணியின் மடிப்புகளில் மட்டும் வெளிச்சம். அறைக்குள் நிற்கவைத்து, பழைய ஆசான்கள் வழியில் வரைந்தது. அழகுதான், ஆனால் அந்தக் காலத்தில் இதை வரைய வேறு ஆட்களும் இருந்தார்கள்.

ஒன்பது வருடம் கழித்து 1875-ல் வரைந்த `குடையுடன் பெண்' படத்தை மொபைலில் பெரிதாக்கிப் பாருங்கள். புல்மேட்டில் கமீல் நிற்கிறார், பின்னால் மகன் ஜான். வெயில் அவருக்குப் பின்னாலிருந்து வருகிறது. அதனால் வெள்ளை உடை வெள்ளையாகவே இல்லை. நிழல் விழுந்த பக்கம் நீலம். கைப்பக்கம் புல்லிலிருந்தும் பூக்களிலிருந்தும் தெறித்த பச்சையும் மஞ்சளும். முகத்தின் மேல் காற்றில் பறக்கும் வலைத்துணி, அதற்கு வெறும் சில கீற்றுகள். நிழல் என்றால் கறுப்பைக் கலக்க வேண்டும் என்ற பழக்கத்தை இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் கைவிட்டது இப்படித்தான். நிழலுக்குள்ளும் வானத்தின் நீலம் இருக்கிறது, பக்கத்தில் இருக்கும் பொருளின் நிறம் இருக்கிறது. மூக்கும் கண்ணும் அச்சாக இருக்கிறதா என்பதைவிட, அந்த நிமிடத்தின் வெளிச்சம் அந்த ஆள்மேல் எப்படி விழுந்தது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

நான்கு வருடம் கழித்து அதே முகம், அதே கண்கள். இந்த முறை வெயில் இல்லை, காற்று இல்லை.

`மரணப் படுக்கையில் கமீல்' படத்தில் கண்ணீர் இல்லை, மெழுகுவத்தி இல்லை, சுற்றி நின்று அழும் உறவினர்கள் இல்லை. நீலமும் ஊதாவும் சாம்பலுமாக வேக வேகமான கீற்றுகள் மேலே மேலே விழுந்து, முகத்தைப் பனிபோல மூடிக்கொண்டே வருகின்றன. ஒரு பக்கம் லேசாக ஒரு வெளிச்சம். எது துணி, எது தலையணை என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்னும் நான்கு கீற்று போட்டிருந்தால் முகமே மறைந்திருக்கும் என்று தோன்றுகிறது. அங்கேதான் நிறுத்தியிருக்கிறார். `கல்நெஞ்சக்காரர்' என்று இதைப் பார்த்துச் சொல்பவர்கள், அந்தக் கீற்றுகளின் வேகத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். நிதானமாக உட்கார்ந்து ரசித்தவர் கை இல்லை அது.

இன்னொன்று, மோனே அப்போது கடனில் மூழ்கியிருந்தார். முடிந்த ஓவியத்தையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்த காலம். இந்தப் படத்தை மட்டும் அவர் விற்கவில்லை. 1963-ல்தான் நன்கொடையாக பிரெஞ்சு அரசின் சேகரிப்புக்கு வந்தது. இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 90 சென்டிமீட்டர், அவ்வளவுதான்.

கமீல் போன பிறகு வந்த குளிர்காலம் மிகக் கொடுமையானது. சேன் நதியே உறைந்தது. 1880 ஜனவரியில் பனிக்கட்டி உடைந்து மிதந்ததை மோனே ஆற்றங்கரையில் நின்று பல படங்களாக வரைந்தார். ஆளில்லாத, சத்தமில்லாத படங்கள்.

வெத்தேய் வீட்டில் இவர்களோடு அலிஸ் என்ற பெண்மணியும் அவருடைய 6 பிள்ளைகளும் இருந்தார்கள். கமீலைப் படுக்கையில் பார்த்துக்கொண்டவர் அலிஸ்தான். 1892-ல் மோனே அவரை மணந்தார். அதற்கு முன்பே, 1886-ல், அலிஸின் மகள் சுசானைப் புல்மேட்டில் குடையோடு நிற்கவைத்து மோனே இரண்டு படங்கள் வரைந்தார். அதே கோணம், அதே வெள்ளை உடை, அதே காற்று. இரண்டு படங்களிலும் உடையில் அத்தனை நிறங்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கண், மூக்கு எதுவும் தெளிவாக இல்லை.