நடந்த பாதை நினைவிருக்கட்டும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

தேர்வு நாளன்று நெற்றியில் திருநீறு இல்லாத மாணவர் நம்மில் எத்தனை பேர்? "அறிவியல் படிப்பவனுக்குச் சாமி எதற்கு?" என்று கேலி செய்யும் நண்பர்களும் உண்டு. கடவுள் உண்டா, இல்லையா என்பதைப் பட்டிமன்றத்திற்கு விட்டுவிடுவோம். பக்தியால் நாம் பெற்ற அனுபவம் உண்மை. அதை மறந்துவிடுகிறோம் என்பதே என் வருத்தம்.

2019-ஆம் ஆண்டு தைப்பூசத்திற்கு அப்பத்தாவுடன் சிங்கம்புணரியிலிருந்து பழநிக்குப் பாதயாத்திரை சென்றேன். நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக நடை. திண்டுக்கல்லைத் தாண்டியதும் பாதங்கள் கொப்பளித்துவிட்டன. உடன் வந்தவர்கள் சிரிப்பார்களே என்று மறைத்தபடியே நடந்தேன். முடியாமல் சாலையோரம் உட்கார்ந்தபோது, முன்பின் அறியாத பெரியவர் ஒருவர் என் காலைத் தம் மடியில் எடுத்து வைத்துத் தேங்காயெண்ணெய் தடவினார்.

"பழநி எவ்வளவு தூரம்னு பார்க்காதே, தம்பி. அடுத்த தண்ணீர்ப்பந்தல் வரைக்கும் நட" என்றார். நடந்தேன். மலையின் படிகள் அனைத்தையும் ஏறினேன்.

சென்ற ஆண்டு துணைப்பாடமான கணிதத்தில் தோற்றேன். தமிழ்வழியில் படித்து வந்த எனக்கு ஆங்கிலத்தில் நடத்திய பாடம் எட்டவில்லை. வீட்டில் கேட்க ஆளில்லை. வகுப்பில் கேட்க வெட்கம். அரியரை அனைவரிடமும் மறைத்தேன். படிப்பையே விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினேன். முருகனிடம் வேண்டினேன், கணக்கு மட்டும் விளங்கவில்லை!

ஒருநாள் இரவு, கொப்பளத்தை மறைத்து நடந்த அந்தச் சாலை நினைவுக்கு வந்தது. அன்று நான் செய்த தவற்றைத்தானே இன்றும் செய்கிறேன்? மறுநாள் பேராசிரியரிடம் நோட்டை நீட்டினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "நாளுக்கு இரண்டு கணக்கு போட்டுக் கொண்டு வா" என்றார். தண்ணீர்ப்பந்தல் தெரிந்தது!

நண்பர்களே! முருகன் நமக்காகத் தேர்வெழுத வரமாட்டான். பக்தியைக் கடைசி நேர வேண்டுதலாக மட்டும் சுருக்கிவிட்டால் அதன் பெரும்பயனை இழக்கிறோம். ரமலான் நோன்பிருந்த நண்பன் பசியைப் பொறுக்கக் கற்றவன். வேளாங்கண்ணிக்கு நடந்த தோழி களைப்பை வென்றவள். துன்பம் வரும்போது, "அன்று தாங்கியவன்தானே நீ? அன்று உனக்குக் கை கொடுத்தவர்கள் இருந்தார்களே!" என்று நம் மனம் நம்மைக் கேட்க வேண்டும். அந்த நினைவே பக்தி தந்த பிரசாதம்.

வரும் ஏப்ரலில் அந்தத் தாளை மீண்டும் எழுதுகிறேன். தேறுவேனா, தெரியாது. ஆனால், கொப்பளத்தை இனி மறைக்கமாட்டேன்.