கணக்கில் வாராத கைகள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் கண்ட முதுமொழி. அந்த ஏடு இன்று கணினித் திரையாக உருமாறியுள்ளது. சுரைக்காய் மட்டும் மாறவில்லை. ஒரு பெரிய நிறுவனம் வீழ்ந்தபின், அதில் பணியாற்றியோர் என்ன ஆயினர் என்பதை, லிங்க்ட்இன் போன்ற இணையத்தளங்களில் அவர்களே எழுதி வைத்த தொழில் விவரப் பக்கங்களைத் திரட்டி அறிந்துவிடலாம் என்கின்றனர் ஆய்வாளர் சிலர். இஃது அரை உண்மை. அரை உண்மை முழுப் பொய்யினும் கொடிது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் கூறிவிடுதல் அறம். நிறுவனம் மூடப்பட்டதும் அதன் ஆள்பதிவேடுகள் சிதறுகின்றன. பழைய ஊழியருக்கு மடல் எழுதவும் முகவரி கிடைப்பதில்லை. விவரப் பக்கமோ, ஒருவர் எந்த ஆண்டு எப்பதவிக்குப் பெயர்ந்தார் என்பதை எளிதிற் காட்டுகிறது. 2008 செப்டம்பர் 15ஆம் நாள் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி நொடித்தபோது ஏறத்தாழ 25,000 பேர் அதில் பணியாற்றினர். அவர்களுள் உயர் அலுவலர்கள் பின்னர் எங்கே புகுந்தனர் என்பதை இம்முறையால் ஓரளவு அறியலாம். மறுப்பதற்கில்லை.

ஆனால், 2018 சனவரி 15ஆம் நாள் பிரிட்டனில் வீழ்ந்த கரிலியன் நிறுவனத்தை நோக்குங்கள். உலகெங்கும் ஏறத்தாழ 43,000 பேருக்கு வேலை அளித்த நிறுவனம் அது. மருத்துவமனைகளைத் துப்புரவு செய்தோர், பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு சமைத்தோர், சிறைச்சாலைகளைப் பராமரித்தோர் அதன் ஊழியர்கள். துடைப்பம் பிடித்த கைக்கு விவரப் பக்கம் ஏது? பிரிட்டனில் 13,000க்கும் மேற்பட்டோர் வேறு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டதையும், 2,700க்கும் மேற்பட்டோர் வேலையிழந்ததையும் நாம் அறிவது அரசு நியமித்த கலைப்பு அதிகாரியின் கணக்கிலிருந்தே அன்றி, எவருடைய விவரப் பக்கத்திலிருந்தும் அன்று.

பக்கம் உடையோர் செய்தியேனும் மெய்யா? புது வேலை பெற்றவர் அன்றே அதனைப் பறைசாற்றுகிறார். பெறாதவர் பழைய பதவியை அழிக்காமல் விட்டுவிடுகிறார். அல்லது 'ஆலோசகர்' என்னும் போர்வைக்குள் வேலையின்மையை மறைக்கிறார். வெற்றி பேசுகிறது, தோல்வி வாய்மூடுகிறது. வாய் திறந்தவரை மட்டும் எண்ணிவிட்டு 'எல்லாரும் நலம்' என முடிவு கட்டுவது ஆய்வாகுமா?

இன்னொரு கேடும் உண்டு. வேலை தேட எழுதிய பக்கம் வேவு பார்க்கும் கருவியாகிறது. ஹைக்யூ லேப்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், இப்பக்கங்களைத் திரட்டி, எந்த ஊழியர் வேலையை விட்டு விலகக்கூடும் என்று கணித்து முதலாளிகளுக்கு விற்றது. 2017இல் எழுந்த வழக்கு 2022இல் முடிவுற்றபோதே அத்திரட்டலுக்குத் தடை வந்தது. தொழிலாளி தன் நன்மைக்கு எழுதியது அவனுக்கே எதிரான சான்றாகலாமா?

பின் எவ்வாறு ஆராய்வது? ஆஸ்திரியாவின் மரியந்தால் சிற்றூர் வழிகாட்டுகிறது. அங்கு நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்து நின்றபோது, மரி யகோடா, பால் லாசர்ஸ்பெல்டு, ஹான்ஸ் சைசல் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் நேரிற் சென்றனர். 478 குடும்பங்களுக்கும் தனித்தனிக் குறிப்பேடு வைத்தனர். தெருவில் மக்கள் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தனர். பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவரும் உணவைக் குறித்தனர். மக்களுக்கு ஓய்வு பெருகியும், நூலகத்தில் கட்டணம் நீக்கப்பட்டும், இரவல் பெறும் நூல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தமையைக் கண்டனர். 1933இல் நூலாக வெளிவந்த அவ்வுண்மைகளுள் எதனை ஒரு விவரப் பக்கம் சொல்லும்? பசித்த பிள்ளையின் வெற்று உணவுப் பெட்டி எந்தத் திரையில் தெரியும்?

ஆசிரியப் பெருமக்களே! இது நமக்கு அயலான செய்தி அன்று. இந்நாட்டில் இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீடமைப்புக்கென விற்கப்பட்டபோதும் பால்மரம் சீவியோர் எத்திசை சென்றனர்? அவர்கள் தம் வரலாற்றை எங்கும் பதிவேற்றவில்லை. தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் அவர்களுடைய சுவடு இன்றும் கிடக்கிறது. அவற்றைக் கறையானுக்கு இரையாக்காமல் காப்பது நம் கடன்.

ஆய்வாளர்க்கு நாம் சொல்வது இதுவே: சொக்சோ 2018 முதல் நடத்திவரும் வேலைக் காப்புறுதித் திட்டத்தில், மேலாளரும் துப்புரவாளரும் ஒரே பதிவேட்டில் உள்ளனர். பெயர்களை மறைத்து அத்தகைய பதிவேடுகளை ஆராயுங்கள். அவற்றிலும் இடம்பெறாதவரை வீடு தேடிச் சென்று கேளுங்கள். விவரப் பக்கத்தைத் துணைச்சான்றாகக் கொள்ளுங்கள், தலைச்சான்றாகக் கொள்ளாதீர்.

மாணவமணிகளே! நாளை ஆய்வு செய்யப் போகிறவர்கள் நீங்கள். ஒரு கணக்கு உங்கள் முன் வைக்கப்படுமாயின், அதில் இருப்போர் எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன், இல்லாதோர் யார் என்று கேளுங்கள்.