கட்டணம் ஏறியது, கட்டு அவிழவில்லை

2025 செப்டம்பர் 19-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். எச்-1பி பர்மிட்டில் வெளிநாட்டு இன்ஜினியரைப் புதிதாக வரவழைக்கும் முதலாளி ஒரு லட்சம் டாலர் கட்டவேண்டுமாம். அன்றைய கணக்கில் சுமார் 88 லட்சம் ரூபாய். இரண்டே நாளில் அமலுக்கு வந்தது. அமெரிக்கத் தொழிலாளியைக் காப்பாற்றவே இதைச் செய்கிறாராம்.

காப்பாற்றும் லட்சணத்தைப் பார்ப்போம்.

1990-ம் வருஷச் சட்டத்தில் பிறந்த பர்மிட் இது. பெறுவோரில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர். வட்டாரத்தில் நிலவும் கூலியைக் கொடு என்கிறது சட்டம். நல்லதுதானே? ஆனால் அந்தக் கூலியை நான்கு படிகளாக வெட்டினார்கள். பிரகடனம் வந்த நாளில் அடிப்படி எங்கே இருந்தது? அதே வேலை செய்யும் நூறு பேரில் எண்பதுக்கு மேற்பட்டோர் அதைவிட அதிகம் வாங்கும் இடத்தில்! உள்ளூர் ஆளை நீக்கி, வருகிறவனுக்கு வேலை கற்றுக் கொடுத்துவிட்டுப் போ என்ற கம்பெனிகளும் உண்டு.

வருகிறவன் ஏன் வாய் திறப்பதில்லை? அவன் குடுமி முதலாளி கையில். வேலை போனால் 60 நாள் கெடு. அதற்குள் வேறு முதலாளி மனுப் போடாவிட்டால் பெரும்பாலும் பெண்டு பிள்ளைகளோடு மூட்டை கட்டவேண்டியதுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் பாட்டன்மாரைக் கட்டிவைத்த 'துண்டு' நினைவிருக்கிறதா? கடன் தீர்ந்தால் விடுவிப்பதாகத் துரை துண்டு எழுதித் தராமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடையாது. அது 1921-ல் ஒழிந்தது. இன்ஜினியரின் சம்பளம் பெரிது, ஒப்புக்கொள்கிறோம். கட்டு அதே ரகம்.

லட்சம் டாலர் அந்தக் கட்டைத் தொடவில்லை. கூலிப் படிகளைத் தொழில் இலாகா திருத்தட்டும் என்று பிரகடனம் சொல்கிறது. சர்க்காருக்குப் பணம் இரண்டு நாளில், தொழிலாளிக்குக் கூலி பிறகு! தேச நலன் என்று மந்திரி கருதினால் ஒரு கம்பெனிக்கோ ஒரு தொழில் முழுவதற்குமோ விலக்கும் தரலாம். அந்த வாசல் யாருக்குத் திறக்கும் என்று மில் தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கலாம். அந்த வரிசையில் நிற்பவரெல்லாம் மிராசுதார் மக்களல்ல. காணியை அடகு வைத்துப் படிக்கவைத்த வீட்டுப் பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

குடும்பங்கள் அவதிப்படும் என்று மறுநாளே டில்லி அறிக்கை விட்டது. உண்மை. அத்தோடு நின்றால் போதாது. அமெரிக்கத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பர்மிட்டை இழக்காமல் முதலாளியை விட்டு விலகும் உரிமை, 60 நாளுக்குப் பதில் நியாயமான தவணை: இவற்றை டில்லி கேட்கவேண்டும்.