கணக்கைப் பார்க்காமல் எழுதிய கண்டனம்

இழைக் கோட்பாட்டையும் மீயீர்ப்பையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை முழுவதும் ஒரே வாதத்தின் மேல் நிற்கிறது. இருமைச் சமச்சீர்மை என்பது ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டு, பிறகு இருவரும் ஒருவரே என்று கொண்டாடுவது என்கிறார் கட்டுரையாளர். சமன்பாட்டில் எழுத்துகளை மாற்றிப் போட்டால் பழைய சமன்பாடே திரும்பி வருகிறது, இதில் கண்டுபிடிப்பு எங்கே என்று கேட்கிறார். மீயீர்ப்பில் 1978லேயே இருந்ததைத்தான் 1990களில் புதுச் சரக்காக விற்றார்கள் என்றும் குற்றம் சாட்டுகிறார். இதைக் கருத்து வேறுபாடு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. கணக்கைத் திறந்து பார்க்காததால் வந்த தவறு இது.

பெயர்மாற்றம் ஒருபோதும் தோற்காது. எந்தக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டாலும் அதன் எழுத்துகளை மாற்றி எழுதலாம். இயற்கை அதற்கு மறுப்புச் சொல்லாது. இருமை அப்படிப்பட்டதல்ல. சில கோட்பாடுகளில் அது நிற்கிறது, சிலவற்றில் விழுகிறது. கட்டுரையாளர் சொல்வது உண்மையென்றால் இந்த வேறுபாட்டுக்கே இடமில்லை.

1977இல் மோண்டோனனும் ஆலிவும் ஓர் ஊகத்தை வைத்தார்கள். மின்சுமை கொண்ட துகள்களும் காந்த ஒற்றைமுனைகளும் இடம் மாறிக்கொள்ளலாம். அப்படி மாறும்போது வலுவான பிணைப்பு மெலிந்த பிணைப்பாகிவிடும் என்றார்கள். உடனே ஒரு தடை எழுந்தது. மின்சுமை கொண்ட டபிள்யூ துகளின் சுழற்சி ஒன்று. ஒற்றைமுனைக்கும் அதே சுழற்சி இருந்தால்தான் இடமாற்றம் செல்லும். வெவ்வேறு சுழற்சியுள்ள துகள்களை இணைக்கும் சமச்சீர்மைக்கு மீச்சமச்சீர்மை என்று பெயர். இருமடங்கு மீச்சமச்சீர்மை மட்டுமே உள்ள தூய கோட்பாட்டில் ஒற்றைமுனையின் சுழற்சி அரையைத் தாண்டாது. ஆகவே அங்கே ஊகம் செத்தது. நான்மடங்கு மீச்சமச்சீர்மை உள்ள கோட்பாட்டில் மட்டும் சுழற்சி ஒன்று கொண்ட ஒற்றைமுனைகள் கிடைக்கின்றன என்று 1979இல் ஆஸ்போர்ன் காட்டினார். ஒரு கோட்பாட்டில் உயிரோடும் இன்னொன்றில் பிணமாகவும் இருப்பதைப் பெயர்மாற்றம் என்று யாராவது சொல்வார்களா?

இதைவிடக் கடுமையான சோதனை 1994இல் வந்தது. அதைச் செய்தவர் பம்பாயின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் இருந்த அசோக் சென். இருமையைப் பற்றி இத்தனை பக்கம் எழுதிய கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. விடுபட்டது வெறும் பெயர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய வாதமே விடுபட்டிருக்கிறது. கட்டுரை இடிந்து விழும் இடம் அதுதான்.

இருமை முழுமையாகச் செல்லுபடியாக வேண்டுமென்றால், மின்சுமையும் காந்தச்சுமையும் பொதுக் காரணியில்லாத முழு எண்களாக வரும் ஒவ்வோர் இணைக்கும் ஒரு நிலை இருந்தாக வேண்டும். இரண்டு ஒற்றைமுனைகள் சேர்ந்து ஓர் அலகு மின்சுமையோடு பிணைந்து நிற்கும் நிலையும் அவற்றில் ஒன்று. அதற்கு முன் யாரும் அதைக் கண்டதில்லை. இரண்டு ஒற்றைமுனைகளின் சார்பு இயக்கத்தை விவரிக்கும் நான்கு பரிமாண வளைவெளியை 1985இல் அட்டியாவும் ஹிச்சினும் கண்டறிந்திருந்தார்கள். அந்த வெளியில், தன் இருமைக்கே சமமான, எங்கும் ஒழுங்கான, தொலைவில் விரைந்து மறைகிற ஒரு சீரிசை வடிவம் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இதைத்தான் இருமை கோருகிறது. சென் அந்த வடிவத்தை வெளிப்படையாக எழுதிக் காட்டினார். அது இல்லாமல் போயிருந்தாலோ, ஒன்றுக்கு இரண்டாக வந்திருந்தாலோ ஊகம் அன்றோடு முடிந்திருக்கும். அட்டியாவும் ஹிச்சினும் இருமைக்கு உதவுவதற்காக அந்த வெளியைக் கட்டவில்லை.

மீச்சமச்சீர்மையை முதலிலேயே எடுத்துக்கொண்டுவிட்டதால் இந்தச் சோதனைகள் தாமாகவே தேறிவிடும் என்றும் கட்டுரையாளர் எழுதுகிறார். மீச்சமச்சீர்மை ஒரு நிலையின் நிறையைக் காக்கும், அதுவும் அப்படியொரு நிலை இருந்தால். இருக்கிறதா என்று அது சொல்லாது. அதே வகை நிறைச் சூத்திரம் இருமடங்குக் கோட்பாட்டிலும் உண்டு. ஆனால் இரண்டு அலகு காந்தச்சுமை கொண்ட அந்தப் பிணைப்பு நிலை அங்கே இல்லை. இந்த ஒரு செய்தி போதும், சுற்றுவாதம் என்ற குற்றச்சாட்டை அவர் திரும்பப் பெறுவதற்கு.

அடுத்தது மீயீர்ப்பு, அதாவது மீச்சமச்சீர்மை சேர்ந்த ஈர்ப்புக் கோட்பாடு. கிரெம்மரும் ஜூலியாவும் 1978–79இல் எண்மடங்கு மீயீர்ப்பில் ஈ-7 குலம் ஒளிந்திருப்பதைக் கண்டார்கள். 28 மின்புலங்களும் அவற்றின் 28 காந்தத் துணைகளும் சேர்ந்து 56 ஆகின்றன. அந்த 56ஐயும் குலம் ஒன்றோடொன்று கலக்கிறது. 70 திசையிலிப் புலங்களும் கூடவே உருமாறுகின்றன. ஆனால் அது தொடர்ச்சியான குலம், செவ்வியல் சமன்பாடுகளின் சமச்சீர்மை. குவாண்டம் நிலையில் அது அப்படியே நிற்க முடியாது. காரணம் 1931இலிருந்தே தெரியும்: மின்சுமையும் காந்தச்சுமையும் ஒரே உலகில் இருந்தால் இரண்டும் தனித்தனி அலகுகளாகத்தான் வரும் என்று டிராக் காட்டியிருக்கிறார். சுமைகள் 56 பரிமாணப் புள்ளிக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. தொடர்ச்சியான உருமாற்றம் அவற்றைக் கட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும். கட்டத்தைக் கலைக்காத முழு எண் உட்குலம் மட்டுமே மிஞ்சும். அந்த உட்குலம், இந்த மீயீர்ப்பைத் தோராயமாகத் தரும் முழு இழைக் கோட்பாட்டின் துல்லியமான சமச்சீர்மை என்பதுதான் 1994இல் ஹல்லும் டவுன்செண்டும் வைத்த கூற்று. செவ்வியல் தோராயத்தில் கண்ட ஒன்றையும், குவாண்டம் கோட்பாட்டைப் பற்றித் துணிந்து சொன்ன வேறொன்றையும் கட்டுரையாளர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். குழப்பியது அவர், திருட்டுப் பட்டம் அவர்களுக்கு.

அந்தக் கூற்றின் ஒரு பகுதி கணக்கில் சோதிக்கப்பட்டும் இருக்கிறது. இரண்டு-பி வகை இழைக் கோட்பாட்டில் ஐன்ஸ்டீன் ஈர்ப்புக்கு மேல் வரும் முதல் திருத்தத்தின் கெழுவை, முழு எண் இருமையைக் கொண்டு 1997இல் கிரீனும் குட்பெர்லேயும் எழுதினார்கள். அதன்படி தோராய விரிவில் (அதன் அடுத்தடுத்த படிகளை வளையம் என்று எண்ணுவார்கள்) வளையமில்லாத பங்கும் ஒருவளையப் பங்கும் மட்டுமே உண்டு. இருவளையப் பங்கு சுழியாக வேண்டும். இருவளையக் கணக்கை நேரடியாகப் போடும் வழியே அப்போது கைவசமில்லை. டிஹோக்கரும் ஃபோங்கும் பல ஆண்டு உழைத்து அந்த வழியை உருவாக்கினார்கள். 2005இல் அவர்கள் குட்பெர்லேயோடு சேர்ந்து கணக்கிட்டபோது அந்தப் பங்கு சுழியாகவே வந்தது, அடுத்த திருத்தத்தின் இருவளைய எண்ணும் இருமை சொன்னபடியே அமைந்தது. பெயர்மாற்றம் எப்போது இப்படி முன்கூட்டிச் சொல்லியிருக்கிறது?

எனக்கு மிகுந்த கோபம் மூட்டிய பத்தி இனிமேல்தான். ஈ-7 இருந்தால் எண்மடங்கு மீயீர்ப்பில் முடிவிலிகள் வராது என்று நம்பவைத்தார்கள், 2018இல் ஐந்து வளையக் கணக்கு முடிவிலியைக் காட்டிவிட்டது, சமச்சீர்மை அம்பலப்பட்டுவிட்டது என்று கட்டுரை முழங்குகிறது. பெர்னும் அவருடைய குழுவினரும் செய்த அந்தக் கணக்கில் முடிவிலி எழுந்தது 24/5 பரிமாணத்தில். நாம் வாழும் நான்கு பரிமாணத்தில் அல்ல. பரிமாணத்தை ஒரு மாறியாக வைத்து, எந்த இடத்தில் முதல் முடிவிலி தலைகாட்டுகிறது என்று பார்ப்பது இந்தத் துறையின் வழக்கம். நான்கு பரிமாணத்தில் ஐந்து வளையம் வரை முடிவிலி இல்லை. ஈ-7 ஏழாவது வளையத்துக்கு முன்பு எந்த முடிவிலியையும் அனுமதிக்காது என்று 2010இலேயே வேறு ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள்; ஏழில் அனுமதிக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். 24/5இல் வந்த முடிவிலி நான்கு பரிமாணத்தின் அந்த ஏழாவது வளையத்தை நோக்கித்தான் விரல் நீட்டுகிறது. அதாவது சமச்சீர்மை போட்ட எல்லைக்கோட்டைக் கணக்கு மீறவில்லை. பரிமாண எண்ணைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். அது அந்த ஆய்வின் சுருக்கத்திலேயே இருக்கிறது. அறிவியல் தெரியாத வாசகரிடம் பாதி எண்ணைக் கொடுத்து முழுத் தீர்ப்பை வாங்குவது நேர்மையாகாது.

சோதனைச்சாலைச் சான்று இல்லை என்ற புகார் மெய். மீச்சமச்சீர்மைத் துகள் ஒன்றைக்கூட இதுவரை எவரும் கண்டதில்லை. இழைக் கோட்பாடு நம் உலகின் கோட்பாடு என்று சொல்ல எவரிடமும் ஆதாரமில்லை. ஆனால் அதிலிருந்து இருமை என்ற கருத்தே வெற்று என்ற முடிவுக்குத் தாவ வழியில்லை. 1941இல் கிராமர்ஸும் வானியரும் இரு பரிமாண ஈசிங் காந்த மாதிரியில் உயர்வெப்பநிலையையும் தாழ்வெப்பநிலையையும் இணைக்கும் இருமையைக் கண்டார்கள். நிலைமாற்றம் ஒன்றே ஒன்றுதான் என்றால் அது நிகழும் வெப்பநிலை எது என்பதை, மாதிரியைத் தீர்க்காமலே, அந்த இருமையை மட்டும் வைத்துச் சொன்னார்கள். 1944இல் ஆன்சாகர் மாதிரியை முழுமையாகத் தீர்த்தபோது அதே வெப்பநிலை வந்தது.

கண்டிக்க இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இழைக் கோட்பாடுகளை ஒன்றிணைக்கும் பதினொரு பரிமாண எம் கோட்பாட்டுக்கு முழுமையான வரையறை இன்றுவரை இல்லை. ஈ-7இன் முழு எண் உட்குலம் ஏன் வருகிறது என்பதை அடிப்படை விதியிலிருந்து யாரும் வருவித்ததில்லை. சோதனைகள் குவிந்திருக்கின்றன, நிரூபணம் இல்லை. அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை மிகுந்த மீச்சமச்சீர்மை காக்கும் கணியங்களில் நடந்தவை. அந்தக் காப்பு குறையக் குறைய நம் பிடியும் தளர்கிறது. கட்டுரையாளர் இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்திருந்தால், இந்தத் துறையில் இருப்பவர்கள் பதில் சொல்லத் திணறியிருப்பார்கள்.